ருபிடியம்–அம்மோனியம் பாஸ்பேட் கலப்புப் படிகம்: புரோட்டான் கண்ணாடி தனி நிலையா, வெறும் மந்தமான இயக்கமா? (பேசுபவர்கள்: உறைபனி, கறார், விதைப்படிகம்)

உறைபனி: ருபிடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 147 கெல்வினில் ஃபெர்ரோஎலெக்ட்ரிக் ஆகும், அதாவது உள்ளிருக்கும் மின் இருமுனைகள் ஒரே திசையில் அணிவகுக்கும். அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டோ 148 கெல்வினில் எதிர்ஃபெர்ரோஎலெக்ட்ரிக்: பக்கத்துப் பக்கத்து இருமுனைகள் எதிரெதிராக நிற்கும். இரண்டையும் கலந்து அம்மோனியப் பங்கை ஏறத்தாழ 0.22-க்கும் 0.74-க்கும் இடையே வைத்தால் இரு மாற்றங்களும் மறைந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளில் இருக்கும் புரோட்டான்கள் ஒழுங்கில்லாமலே உறைகின்றன; இதுதான் புரோட்டான் கண்ணாடி. 1982-இல் இயற்பியலாளர் கோர்ட்டென்ஸ் காட்டியது இதைத்தான். ருபிடியம் பக்கம் ஓர் அமைப்பைக் கேட்கிறது, அம்மோனியம் பக்கம் வேறொன்றை. சுழல் கண்ணாடி (காந்தச் சுழல்கள் ஒழுங்கின்றி உறைந்த பொருள்) போலவே இதுவும் தனி நிலை.

கறார்: தனி நிலை என்றால் அதற்கென ஒரு வெப்பநிலை இருக்கணுமே! அதிர்வெண்ணை ஏற்றினால் மின்காப்பு இழப்பின் (மாறும் மின்புலத்தில் வெப்பமாக வீணாகும் ஆற்றலின்) உச்சி உயர்ந்த வெப்பநிலைக்கு நகர்கிறது. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு ‘உறைநிலை’. எதைப் பிடிப்பது?

அதைவிடப் பெரிய சிக்கல், அம்மோனியத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் எங்கெங்கோ விழுந்து, பக்கத்துப் புரோட்டானை இரட்டைக் குழியின் (பிணைப்பில் அது இருக்கக்கூடிய இரு இடங்களின்) ஒரு பக்கம் சாய்த்துவிடுகின்றன. இது சமவாய்ப்புப் புலம், அதாவது இடத்துக்கு இடம் தற்செயலாக மாறும் சாய்வு. ருபிடியம்-87 என்எம்ஆரில் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு அளவீட்டில்) எட்வர்ட்ஸ்–ஆண்டர்சன் அளவுரு, அதாவது புரோட்டான்கள் எவ்வளவு உறைந்துள்ளன என்பதன் அளவு, உறைவதற்கு வெகு மேலேயே பூச்சியத்தைத் தாண்டிப் படிப்படியாக ஏறுகிறது. கூர்மையான தொடக்கமே இல்லை.

உறைபனி: புலம் இருந்தால் அளவுரு முன்கூட்டியே எழத்தான் செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிர்ச், டாடிச், பிளின்ட்ஸ் ஆகியோரின் கோட்பாட்டு மாதிரியில் புலத்தோடும் எர்கோடிக் தன்மை (காலப்போக்கில் எல்லா அமைப்புகளையும் சுற்றிவரும் தன்மை) முறிகிற கோடு இருக்கிறதே?

கறார்: அது எல்லாத் தளமும் எல்லாத் தளத்தோடும் பிணைந்த மாதிரி. முப்பரிமாணக் குறுந்தூரப் படிகத்துக்கு அப்படியே செல்லாது.

விதைப்படிகம்: முதலில் அளக்கும் படிகத்தைப் பாருங்க. கரைசலில் போட்ட விகிதம் படிகத்தில் வராது. வளர வளர விகிதம் நகரும், விதைப் பக்கமும் வெளிப் பக்கமும் ஒன்றாக இருக்காது. 0.22-க்கு அருகே அதுவே மாற்றத்தை அகலமாக்கி, கண்ணாடி போல ஏமாற்றும். அளக்கும் துண்டை ஒட்டி வெட்டிய துண்டில் வேதிப் பகுப்பாய்வு செய்யுங்க. கலவைச் சிதறலால் விரிந்த உச்சி அதிர்வெண்ணோடு நகராது, கண்ணாடி உச்சி நகரும். நீரில் கரையும் உப்பு என்பதால் மேற்பரப்பு ஈரம் குறைந்த அதிர்வெண்ணில் போலி இழப்பைக் காட்டும். வெற்றிடத்தில் உலர்த்திய பிறகே குளிரூட்டணும்.

கறார்: கூடவே வோகல்–ஃபுல்ச்சர் பொருத்தம்: ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் இயக்கம் நின்றுவிடும் என்கிற சூத்திரத்தைத் தரவோடு பொருத்துவது. மூன்று அளவுருக்கள், 1 கிலோஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் தரவு. அந்த மூன்று பதின்மடங்குக்குள் அர்ரீனியஸும் (அப்படி நிற்கும் வெப்பநிலை இல்லாத எளிய சூத்திரம்) பொருந்தும்.

உறைபனி: அப்படியானால் மில்லிஹெர்ட்ஸ் வரை இறங்குவோம். மின்புலத்தோடு குளிர்த்த முனைவாக்கமும் மின்புலமின்றிக் குளிர்த்ததும் பிரியும் வெப்பநிலை, குளிர்க்கும் வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் ஒரு வரம்பில் நிற்கிறதா என்று பார்க்கலாம். நின்றால் என் பக்கம்.

கறார்: சரி. இறங்கிக்கொண்டே போனால் என் பக்கம்.