மாந்தோப்பிலிருந்து லோரா சிக்னல் வரமாட்டேன் என்கிறது, உதவுங்கள்

தோப்புக்காரன் (காவேரிப்பட்டணம்):
வணக்கம். தோப்புத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்க லோரா (சிம் இல்லாமல் தூரத்துக்குச் சின்னச் செய்தி அனுப்பும் ரேடியோ) போட்டேன். வீட்டு மேசையில் அருமையாக வருகிறது, தோப்பில் மாட்டினால் வருவதில்லை. 10 கிலோமீட்டர் போகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பிஞ்சு பிடிக்கிற நேரம், தொட்டி வழிந்து ஓடினாலும் தெரிய மாட்டேன் என்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர்_பேனல்:
எந்த போர்டு, எவ்வளவு தூரம், நடுவில் என்ன இருக்கிறது, பவர் எதிலிருந்து? இதெல்லாம் சொல்லாமல் வரவில்லை என்றால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

பாலக்கோடு_தக்காளி:
ஆண்டெனாதான். பத்தில் ஒன்பது பேருக்கு ஆண்டெனாதான். 433 மெகாஹெர்ட்ஸுக்கான ஆண்டெனாவை 868 மெகாஹெர்ட்ஸ் போர்டில் மாட்டியிருப்பீர்கள். ஆண்டெனா நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும், 433க்கு 17 செ.மீ., 866க்கு 8.7 செ.மீ. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அப்புறம், ஆண்டெனா இல்லாமல் ஆன் செய்துவிடாதீர்கள், போர்டு போய்விடலாம்.

தோப்புக்காரன்:
ஈஎஸ்பி32 சிப் கூடவே இருக்கிற போர்டு, 868 என்று எழுதியிருக்கிறது. கூட வந்த ஸ்பிரிங் ஆண்டெனாதான். ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். 18650 பேட்டரி. நடுவில் எங்கள் மரம்தான், அப்புறம் ஒரு பாறை. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், நான் தோப்பில் நின்றுகொண்டு வீட்டில் போன் போட்டுக் கேட்டால் வருகிறது என்கிறார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் இல்லை.

பென்னாகரம்_குமார்:
பாறைதான் அண்ணே. நம் பக்கத்துக் கருங்கல் சிக்னலை விழுங்கிவிடும். பாறை மேல் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று வைத்தால் முடிந்தது.

மூத்த_உறுப்பினர்:
தம்பி, முதலில் லோராவும் லோராவானும் வேறு வேறு, அதைப் படித்துவிட்டு வந்தால் நல்லது. லோரா என்பது காற்றில் அலை போகும் விதம், லோராவான் அதன்மேல் கட்டிய நெட்வொர்க். உங்களிடம் இருப்பது முதலாவது மட்டும். எந்த ஸ்பிரெடிங் ஃபேக்டர், அதாவது ஒரு செய்தியை எவ்வளவு இழுத்து மெதுவாக அனுப்புகிறது என்ற எண்? மாதிரி புரோகிராமை அப்படியே ஏற்றியிருந்தால் 7 ஆகத்தான் இருக்கும். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 7க்கு மைனஸ் 123 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, கீழே போகப் போகப் பலவீனம்) வரைதான் காது கேட்கும், 12க்கு மைனஸ் 136 வரை கேட்கும். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு செய்தி காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், பேட்டரியும் அதற்கேற்பத் தின்னும். பாறையைக் குறை சொல்லும் முன் ஃப்ரெனல் மண்டலம், அதாவது சிக்னல் போகும் நேர்கோட்டைச் சுற்றியுள்ள இடம், நடுவழியில் 11 மீட்டர் ஆரம், அதில் பெரும்பகுதி காலியாக இருக்க வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை, மாமரத் தலைகள் அதற்குள்தான் வரும். புரோகிராமில் எந்த அலைவரிசை போட்டிருக்கிறீர்கள்?

தோப்புக்காரன்:
915இ6, அதாவது 915 மெகாஹெர்ட்ஸ், என்று இருக்கிறது சார்.

மூத்த_உறுப்பினர்:
அதைத்தான் எதிர்பார்த்தேன். அது அமெரிக்கக்காரர்களுக்கானது. இந்தியாவில் 865 முதல் 867 வரை 2005லேயே உரிமம் வேண்டாம் என்றாக்கி, 2021ல் 868 வரை நீட்டினார்கள். 915 இங்கே செல்போன் 900 பட்டையின் ஓரம்.

ஓசூர்_பேனல்:
சரி, அது தப்புதான், மாற்றட்டும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே 915 போட்டிருந்தால் ஒன்றரை கிலோமீட்டருக்கு அதனால் மட்டும் நின்றுபோகாது, மேசையிலும் அதேதானே ஓடியது.

சிம்_ஸ்டார்ட்டர்:
இவ்வளவு பாடு எதற்கு? சிம் போட்ட ஸ்டார்ட்டர் வாங்கினால் மிஸ்டு கால் கொடுத்தே மோட்டாரைப் போடலாம். எங்கள் ஊரில் பாதிப்பேர் அதுதான்.

பாலக்கோடு_தக்காளி:
பாதிப்பேர் 2ஜி சிக்னல் விட்டுவிட்டு வருகிறது என்று புலம்புகிறார்களே, அவர்களும் உங்கள் ஊர்தானா? மாதாமாதம் ரீசார்ஜ் வேறு. நாலு தொட்டி என்றால் நாலு சிம்.

சிம்_ஸ்டார்ட்டர்:
ரீசார்ஜ் காசு மிச்சம் என்று போர்டு, கேட்வே, ஆண்டெனா என ஆயிரக்கணக்கில் கொட்டுகிறீர்கள். என் ஸ்டார்ட்டர் பேசுகிறது, உங்கள் லோரா மேசையில் மட்டும் பேசுகிறது.

பாலக்கோடு_தக்காளி:
மோட்டார் போடுவது வேறு, மட்டம் பார்ப்பது வேறு. உங்கள் ஸ்டார்ட்டர் தொட்டி வழிவதைச் சொல்லுமா?

ஓசூர்_பேனல்:
சண்டை அப்புறம். தோப்புக்காரரே, போர்டை எதற்குள் வைத்திருக்கிறீர்கள்? நீங்கள் அங்கே இருக்கும்போது வருகிறது, போனதும் நிற்கிறது என்றால் எனக்கு ஒரு சந்தேகம்.

தோப்புக்காரன்:
மழை படாமல் இருக்க ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்தான், மோட்டாருக்கு மின்சாரம் போட்டு நிறுத்தும் கான்டாக்டர் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். நல்ல கனமான இரும்புப் பெட்டி, பூட்டும் உண்டு.

ஓசூர்_பேனல்:
கிடைத்துவிட்டது. போனில் கேட்கும்போது பெட்டிக் கதவைத் திறந்துவைத்துத்தானே நிற்கிறீர்கள்? கிளம்பும்போது பூட்டுகிறீர்கள். இரும்பு நாலு பக்கமும் மூடினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆண்டெனா என்ன செய்யும்? போர்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பெட்டிக்கு வெளியே, முடிந்தால் கொட்டகைக் கூரைக்கு மேல் குழாயில் ஏற்றுங்கள். சென்சார் ஒயர் மட்டும் உள்ளே வரட்டும். இரண்டு பக்கமும் 866, ஸ்பிரெடிங் ஃபேக்டர் 10 போடுங்கள்.

பென்னாகரம்_குமார்:
எதற்கும் பாறை மேல் ரிப்பீட்டர் இருப்பது நல்லதுதான்.

மூத்த_உறுப்பினர்:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஸ்பிரெடிங் ஃபேக்டர் எத்தனை?

தோப்புக்காரன்:
வெளியே ஏற்றிவிட்டேன். ராத்திரி முழுக்க வந்தது, மைனஸ் 112 டிபிஎம் காட்டுகிறது. ரொம்ப நன்றி அண்ணே.

ஓசூர்_பேனல்:
ஒயர் நுழையும் ஓட்டையை சிலிகான் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு புகுந்து கான்டாக்டருக்குள் கூடு கட்டும், அடுத்த பதிவு மோட்டார் ஓடவில்லை என்று போடுவீர்கள்.