அழகரின் பச்சைப் பட்டு என் எடிட்டில் பழுப்பாகிவிட்டது. கலர் பிளைண்ட் ஆளுக்கு வழி உண்டா?

தெப்பக்குளத்தான்:
வணக்கம். பத்து வருடமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. ரயில்வே வேலைக்குப் போனபோது மெடிக்கலில் புள்ளிப் புத்தகத்தை நீட்டினார்கள். மற்றவர்கள் எண் படித்த பக்கத்தில் எனக்கு வெறும் புள்ளிதான். இதுவரை எடிட்டிங்கை ஒரு பையன் பார்த்துக்கொண்டான். அவன் கோயம்புத்தூருக்குப் போய்விட்டான்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கியதை எடுத்தேன். விடிந்தும் விடியாத நேரம், ஒரு பக்கம் எல்இடி வெளிச்சம். தங்கக் குதிரை மங்கித் தெரிகிறதே என்று டின்ட் ஸ்லைடரை (பச்சை–மெஜந்தா) வலப்பக்கம் தள்ளி, கலர் ஸ்லைடர்களிலும் கை வைத்து ஸ்டேட்டஸில் போட்டேன். அரை மணி நேரத்தில் பெரியப்பா போன்: "ஏண்டா, சாமி பச்சைப் பட்டுலதானே இறங்குனாரு? நீ செங்கல் கலர்ல உடுத்தி விட்டிருக்க. ஊருக்கு ஆகுமாடா?" என் கண்ணுக்கு முன்னும் பின்னும் ஒரே பட்டுதான்.

சாமி பொறுத்துக்கொள்வார். திருமங்கலத்தில் எடுத்த கல்யாணத்தில் பெண் முகம் பச்சை அடிக்கிறது என்று சொல்லும் பெண் வீட்டார் பொறுக்க மாட்டார்கள். மானிட்டரை மாற்றினால் சரியாகுமா? கலர் பிளைண்டுக்கு என்று கண்ணாடி விற்கிறார்களே, அது உதவுமா?

மேலூரான்:
பங்காளி, கண்ணாடியில் காசைப் போடாதீர்கள். அது வெளிச்சத்தில் ஒரு பகுதியை வடிகட்டிச் சில நிறங்களைப் பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். குறை தீராது. அதோடு எடிட் செய்தால் ஸ்கிரீன் நிறமே மாறித் தெரியும்.

லேப்காரர்:
தம்பி, நான் ஆல்பம் பிரிண்ட் போடுகிறவன். மானிட்டரில் குறை இல்லை. ஆனாலும் அதைக் கேலிபிரேட் செய்து (நிறம் சரியாகக் காட்டும்படி அளந்து) வைத்துவிடுங்கள். ஸ்கிரீன் மேல் வைக்கும் கருவி தானே அளந்துகொள்ளும், உங்கள் கண்ணைக் கேட்காது. விண்டோஸில் கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் முறை வேண்டாம்.

அடுத்தது, டெம்பரேச்சர் ஸ்லைடர் நீலம்–மஞ்சள். அது உங்களுக்கு நன்றாகவே தெரியும், தாராளமாகத் தொடுங்கள். டின்ட் பச்சை–மெஜந்தா. அதை மட்டும் கண்ணை நம்பித் தொடாதீர்கள். மண்டப டியூப்லைட், மலிவு எல்இடி எல்லாம் பச்சையைக் கூட்டிவிடும். பெண் முகம் பச்சை அடித்தது அதனால்தான் இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் லைட் மாறியதும் கிரே கார்டை (எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டை) முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு ஷாட் எடுத்துவிடுங்கள். எடிட்டில் ஐடிராப்பரை (நிறத்தைத் தொட்டு எடுக்கும் கருவி) அதன் மேல் அழுத்தினால் டின்ட் தானாக நிற்கும். மாப்பிள்ளை வேட்டி வெள்ளைதானே என்று அதில் அழுத்திவிடாதீர்கள். நம்மூரில் வேட்டிக்கு நீலம் போட்டிருப்பார்கள், படம் மஞ்சளாகிவிடும்.

அப்புறம் எண்களைப் பாருங்கள். போட்டோஷாப்பில் இன்ஃபோ பேனலைத் திறந்து ஒரு பக்கம் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு), இன்னொரு பக்கம் லேப் என்று வையுங்கள் (எங்கள் லேப் இல்லை, எல்-ஏ-பி). அதில் 'ஏ' மைனஸில் இருந்தால் பச்சைப் பக்கம், பிளஸ்ஸில் இருந்தால் சிவப்பு, மெஜந்தா பக்கம். பட்டின் மேல் கர்சரை வைத்தால் போதும், பெரியப்பா போன் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். முகத்துக்குப் பொதுவாக ஆர் அதிகம், ஜி நடுவில், பி குறைவு. மாநிறம், கறுப்பு, சிவப்பு எல்லாத் தோலுக்கும் இதே வரிசைதான். எல்-ஏ-பியில் பார்த்தால் 'ஏ', 'பி' (இது நீலம்–மஞ்சள், பிளஸ் என்றால் மஞ்சள் பக்கம்) இரண்டும் பிளஸ்ஸில் இருக்கும், பெரும்பாலும் 'பி' கொஞ்சம் கூட. 'ஏ' பூஜ்யத்தை ஒட்டிவிட்டால் முகம் பச்சை அடிக்கிறது என்று அர்த்தம். கன்னத்தில், நெற்றியில் பாருங்கள். மஞ்சள் பூசிய இடத்தையும் குங்குமத்தையும் விட்டுவிடுங்கள்.

சுங்குடிக்காரி:
அண்ணே, என் அப்பாவுக்கு இது உண்டு, எனக்கு இல்லை, இப்போது என் மகனுக்கு உண்டு. அம்மா வழியாக வருமாம். அவன் கிரேயானில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துத்தான் நிறம் தேர்ந்தெடுப்பான். தாள் கிழிந்த நாளில் மீனாட்சியம்மனுக்குப் பழுப்பு அடித்துவிட்டான். உங்கள் பெரியப்பா கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. லேப்காரர் அண்ணன் சொல்கிற எண் கிட்டத்தட்ட அந்தத் தாள்தான். ஒன்று மட்டும், எத்தனை எண் பார்த்தாலும் லேபுக்கு அனுப்பும் முன் வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். "அழகாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "முகத்தில் பச்சை தெரிகிறதா" என்று கேளுங்கள்.

தெப்பக்குளத்தான்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் திறந்து பார்த்தேன். ஸ்டேட்டஸில் போட்ட படத்தில் பட்டின் 'ஏ' பிளஸ் 9! ரா ஃபைலுக்கு (கேமரா பதிந்த மூலப் படம்) திரும்பிப் போய் டின்ட்டைத் தொடாமல் விட்டேன், மைனஸ் 21. எனக்கு இப்போதும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. கல்யாணப் படங்களில் கிரே கார்டு இல்லை, அதனால் ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு முகத்தைச் சரிசெய்து மற்றவற்றுக்கு அதையே காப்பி செய்கிறேன். லேப்காரர் அண்ணே, முகூர்த்தப் படம் ஒரே ஒரு ஷீட் முதலில் அடித்துத் தருவீர்களா? வீட்டம்மாவிடம் காட்டிவிட்டு மீதியைச் சொல்கிறேன்.

லேப்காரர்:
அனுப்புங்கள் தம்பி. எஸ்ஆர்ஜிபி என்ற கலர் ப்ரொஃபைலில் சேமித்து அனுப்புங்கள், வேறு ப்ரொஃபைல் வேண்டாம்.