அமெரிக்கர் எழுதும் பிரித்தானியாவை எப்படி வாசிப்பது?

கேள்வி: கொக்குவில் மாணவி

வணக்கம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி பாடத்தில் இருந்து வரவில்லை, வீட்டில் இருந்து வந்தது. பெரியம்மாவின் மகன் நியூ ஜேர்சியில் இருக்கிறார். சித்தப்பா இலண்டன் ஹரோவில் இருக்கிறார். அண்ணா நாள் தவறாமல் அமெரிக்கக் கட்டுரைகளையும் காணொளிகளையும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். எல்லாவற்றிலும் ஒரே பாட்டுத்தான்: பிரித்தானியா முடிந்துபோன நாடு, அங்கே வாய் திறந்தால் பொலிஸ் வரும், இலண்டன் வீதியில் இரவில் நடக்க முடியாது, வைத்தியசாலையில் முறை வருவதற்குள் நோயாளி போய்ச் சேர்ந்துவிடுவார், படைபலம் பெயருக்குத்தான் இருக்கிறது. சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் கோபமாகப் பதில் போடுகிறார். கோபத்தைத் தவிர அந்தப் பதிலில் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை.

நான் இரண்டு நாட்டையும் கண்டதில்லை. ஆனாலும் ஒன்று எனக்கு உறுத்துகிறது. 2016 ஏப்ரலில் ஒபாமா இலண்டனுக்குப் போய், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினால் அமெரிக்காவுடனான வர்த்தக உடன்படிக்கைக்குப் பிரித்தானியா வரிசையின் கடைசியில் நிற்க வேண்டிவரும் என்று எச்சரித்தார். இரண்டு மாதம் கழித்து, விலகுவதென்று 51.9 சதவீதத்தினர் வாக்களித்த மறுநாள், ஸ்கொட்லாந்தில் நின்ற ட்ரம்ப் அதை மிக நல்ல காரியம் என்று புகழ்ந்தார். இருவரும் அமெரிக்கர், இருவரும் பார்த்தது ஒரே நாட்டை. அப்படியென்றால் இவர்கள் சொல்வதில் பிரித்தானியா எவ்வளவு, அமெரிக்கா எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஏதேனும் வழி உண்டா?

பதில் 1: வட்டுக்கோட்டை ஓய்வுபெற்ற ஆசிரியர்

பிள்ளை, ஒருவர் இன்னொருவரைக் குறை சொன்னால் அவர்கள் இருவருக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் என்ன என்றுதான் எங்கள் ஊரில் முதலில் விசாரிப்பார்கள். அதே விசாரணையை இங்கேயும் செய்யுங்கள்.

1945 இல் பிரித்தானியா போரில் வென்ற நாடு, ஆனால் கையில் காசில்லாத நாடு. வொஷிங்டனுக்குப் போன பிரித்தானியப் பொருளியலாளர் கேய்ன்ஸ் நன்கொடையையோ வட்டியில்லாக் கடனையோ எதிர்பார்த்துத்தான் போனார். கிடைத்தது 375 கோடி டொலர் கடன், நூற்றுக்கு இரண்டு வட்டி, அதோடு பவுணை எவரும் தடையின்றி டொலராக மாற்றிக்கொள்ள விடவேண்டும் என்ற நிபந்தனை. 1947 ஜூலை நடுப்பகுதியில் அந்த நிபந்தனையை நிறைவேற்றினார்கள். டொலர் கையிருப்பு கரைந்த வேகத்தைக் கண்டு ஐந்து வாரத்தில் நிறுத்தினார்கள். அந்தக் கடனின் கடைசித் தவணையைக் கட்டி முடித்தது 2006 டிசெம்பரில்.

அடுத்தது சுயஸ். 1956 ஜூலையில் எகிப்து ஜனாதிபதி நாசர் சுயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்க, ஒக்ரோபர் இறுதியில் இஸ்ரேலும் அதைத் தொடர்ந்து பிரித்தானியாவும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் இதற்கு எதிராக ஒரு படைவீரனையும் அனுப்பவில்லை. பவுண் சரிந்துகொண்டிருந்தது, போரை நிறுத்தாமல் சர்வதேச நாணய நிதியத்தின் உதவியை எதிர்பார்க்க வேண்டாம் என்பதை மட்டும் வொஷிங்டன் விளங்க வைத்தது. நவம்பர் 6 அன்று பிரித்தானியப் பிரதமர் ஈடன் போர்நிறுத்தத்துக்கு இணங்கினார், 1957 ஜனவரியில் பதவியையும் விட்டார்.

1962 டிசெம்பரில் அமெரிக்காவின் முன்னாள் இராஜாங்கச் செயலாளர் டீன் அச்சிசன், வெஸ்ற் பொயின்ற் படைக் கல்லூரியில், பிரித்தானியா பேரரசை இழந்துவிட்டது, தனக்குரிய பாத்திரத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றார். உங்கள் அண்ணா அனுப்பும் கட்டுரைகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்குப் புதுச்சட்டை போட்டவையாகத்தான் இருக்கும். வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அதே மாதத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்: பிரித்தானியா தன் அணுவாயுதத்துக்கு நம்பியிருந்த ஸ்கைபோல்ற் ஏவுகணைத் திட்டத்தை அமெரிக்கா கைவிட்டது, பிரதமர் மக்மில்லன் பஹாமாசின் நாசோ நகரில் கென்னடியைச் சந்தித்து, மன்றாடாத குறையாகப் பேசி, அதற்குப் பதிலாகப் பொலாரிஸ் ஏவுகணையைப் பெற்றுக்கொண்டார். இன்று பிரித்தானிய நீர்மூழ்கிகளில் இருக்கும் ட்ரைடன்ட் ஏவுகணையும் அமெரிக்காவில் செய்ததுதான். ஊன்றுகோலைக் கொடுத்தவரே, இவருக்குத் தனியாக நடக்கத் தெரியவில்லையே என்று எழுதுகிறார். பலத்தைப் பற்றி அமெரிக்கர் சொல்வது பெரும்பாலும் உண்மை. அந்த உண்மையில் தங்கள் கை எங்கே இருந்தது என்பதை எழுதாமல் விட்டுவிடுவார்கள். நீங்கள் வாசிக்கும்போது அதைச் சேர்த்து வாசியுங்கள்.

இந்த இரு வீட்டாரின் சந்தேகத்தை எங்கள் மண் நேரில் கண்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவ்விரு நாடுகளின் போர் முடிந்து இரண்டு வருடமும் ஆகவில்லை. 1820 இல் அச்சுத்தொழில் தெரிந்த ஒருவரை அமெரிக்காவில் இருந்து அவர்கள் வரவழைத்தபோது, ஆளுநர் பார்ன்ஸ் அவரை இத்தீவில் தங்கவிடாமல் திருப்பி அனுப்பினார். 1833 வரை புதிதாக ஓர் அமெரிக்க மிஷனரியும் இங்கே காலடி வைக்க முடியவில்லை. வட்டுக்கோட்டைச் செமினரியை 1823 இல் நிறுவிய மனிதர்களை வெள்ளைக்கார அரசாங்கமே அப்படித்தான் ஓரக்கண்ணால் பார்த்தது.

பதில் 2: ஹரோவில் வாழும் அச்சுவேலியார்

மாஸ்ரர் சொன்னது அரசாங்கங்களுக்குப் பொருந்தும். சமூகத்தைப் பற்றிய பேச்சுக்கு அந்தக் கணக்குப் போதாது. தங்கள் வீட்டுச் சண்டைக்குச் சாட்சி தேவைப்படும்போதுதான் அமெரிக்கர் எங்களை இழுக்கிறார்கள். சாட்சி என்ன சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகி இருக்கும்.

2009 இல் ஒபாமாவின் சுகாதாரச் சீர்திருத்தம் அங்கே விவாதத்தில் இருந்தபோது, ஸ்ரீபன் ஹோக்கிங் போன்ற ஒருவருக்குப் பிரித்தானியாவில் வாழவே வாய்ப்பிருந்திராது, ஏனெனில் அந்நாட்டுச் சுகாதாரச் சேவை அவரைக் கைவிட்டிருக்கும் என்று ஓர் அமெரிக்க நாளேடு தலையங்கம் எழுதியது. ஹோக்கிங் ஒக்ஸ்போர்டில் பிறந்து கேம்பிரிட்ஜில் வாழ்ந்தவர்! அந்தச் சேவை இல்லாவிட்டால் தான் இன்று இருந்திருக்கமாட்டேன் என்று அவரே பதில் சொல்ல வேண்டி வந்தது. அதற்காக இங்கே எல்லாம் சுகம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் வைத்தியசாலைச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2023 செப்ரெம்பரில் 77 இலட்சத்தைத் தாண்டியது; என் முழங்கால் அந்தப் பட்டியலில் பதினான்கு மாதம் இருந்தது. குறை உண்மைதான். ஆனால் அதைக் காட்டி அமெரிக்கர் செய்யும் முடிவு தங்கள் காப்புறுதி முறைக்குத் தேடும் சமாதானமாகத்தான் இருக்கிறது.

இலண்டன் வீதிகளைப் பற்றியும் ஒரு சொல். ஏறத்தாழ 90 இலட்சம் பேர் வாழும் இந்த நகரத்தில் 2024 இல் நூறுக்குச் சற்று மேல் கொலைகள் நடந்தன. அதில் மூன்றிலொரு பங்கு சனத்தொகை கொண்ட சிக்காகோவில் அதே வருடம் ஐந்நூறுக்கு மேல். கைத்தொலைபேசிக் களவு இங்கே பெரும் தொல்லை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் 2025 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் ட்ரம்ப் பேசியதைப் போல இலண்டன் ஷரியா சட்டத்தை நோக்கிப் போவதாக, இங்கே நீதிமன்றப் படியேறிய எவரும் சொல்லமாட்டார்கள்.

அமெரிக்காவின் ஏழை மாநிலமான மிஸிஸிப்பியை விடப் பிரித்தானியா ஏழை என்ற பேச்சையும் தங்கச்சியின் அண்ணா அனுப்பியிருப்பார். அது அமெரிக்கர் கண்டுபிடித்ததில்லை. 2014 இல் இலண்டன் வார இதழ் ஒன்றின் ஆசிரியரே கிளப்பிவிட்ட ஒப்பீடு. மிஸிஸிப்பியில் மனிதர் சராசரியாகப் பல வருடம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்பதை மட்டும் அந்தக் காணொளிகளில் நான் கேட்டதில்லை.

பதில் 3: யாழ்ப்பாணச் சட்டத்தரணி

பேச்சுச் சுதந்திரத்தில் அமெரிக்கரை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் பேச்சுச் சுதந்திரம் பின்வாங்குகிறது என்று 2025 பெப்ரவரியில் மியூனிக்கில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி வான்ஸ் பேசியதன் தொனியை விட்டுவிடுங்கள். இரு நாட்டுச் சட்டத்துக்கும் இடையில் உண்மையான இடைவெளி இருக்கிறது. 1969 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தபடி, உடனடியாகச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் அது நிகழக்கூடிய வாய்ப்பும் சேர்ந்திருந்தாலொழிய ஒருவரின் பேச்சைத் தண்டிக்க முடியாது. பிரித்தானியாவில் 2024 கோடைக் கலவரத்தை ஒட்டிய இணையப் பதிவொன்றுக்காக ஒருவருக்கு 31 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அந்தப் பதிவு அகதிகள் தங்கிய விடுதிகளுக்கு எதிரானது என்பதால் என் அனுதாபம் அவருக்கு இல்லை. ஆனாலும் சட்டத்தின் வீச்சு எவ்வளவு என்று கேட்பது நியாயமான கேள்வி.

அமெரிக்கரின் சந்தேகத்தால் பிரித்தானியாவுக்கு நன்மை வந்ததும் உண்டு. இலண்டன் நீதிமன்றங்களில் அவதூறு வழக்கு வெல்வது எளிது என்பதால் உலகச் செல்வந்தர் அங்கே போய் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கப் பேச்சுரிமைக்கு ஒவ்வாத அத்தகைய தீர்ப்புகளை அமெரிக்காவில் நிறைவேற்ற முடியாது என்று 2010 இல் கொங்கிரஸ் சட்டம் இயற்றியது. 2013 இல் பிரித்தானியா தன் அவதூறுச் சட்டத்தைத் திருத்தி, கடுமையான பாதிப்பைக் காட்டாமல் வழக்கு நிலைக்காது என்று ஆக்கியது. எங்களுக்கு இது தூரத்து விடயமும் இல்லை. இலண்டன் 2023 இல் இணையப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவர, 2024 ஜனவரியில் கொழும்பு நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

ஆயினும் மாஸ்ரரின் கொடுக்கல் வாங்கல் கணக்குக்கு நான் தரக்கூடிய சாட்சி, இந்து சமுத்திரத்தில் சாகோஸ் தீவுகளில் ஒன்றான தியேகோ கார்சியா. 1965 இல் சாகோஸ் தீவுகளை மொறீசியசில் இருந்து பிரித்தெடுத்த பிரித்தானியா, 1966 உடன்படிக்கையால் அவற்றை அமெரிக்காவின் படைத்தேவைக்குத் திறந்துவிட்டது. வெளியே தெரியாமல் அதற்குக் கிடைத்த கைம்மாறு, பொலாரிஸ் ஏவுகணைக் கட்டணத்தில் 1 கோடி 40 இலட்சம் டொலர் வரையிலான கழிவு. 1968 முதல் 1973 வரை அங்கே வாழ்ந்த மக்கள் முழுவதும் அகற்றப்பட்டார்கள். 2021 ஒக்ரோபரில் கனடாவுக்குப் புறப்பட்ட எங்கள் தமிழர் சிலரின் படகு பழுதாகி அந்தத் தீவில் ஒதுங்கியது. கூடார முகாமில் அவர்கள் மூன்று வருடம் கிடந்தார்கள். அந்தத் தடுத்துவைப்புச் சட்டபூர்வமானதா என்ற வழக்கை 2024 ஜூலையில் தீவிலேயே விசாரிக்க ஏற்பாடானபோது, பாதுகாப்புக் காரணம் காட்டி அமெரிக்கா தன் இணக்கத்தை மீளப்பெற்றது. பிரித்தானிய ஆள்புலத்தில், பிரித்தானிய நீதிபதி, தன் சொந்த நீதிமன்ற விசாரணைக்குப் போக முடியவில்லை! செப்ரெம்பரில்தான் விசாரணை நடந்தது. டிசெம்பரில் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்; தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்ற தீர்ப்பும் அதே மாதம் வந்தது.

2025 மே மாதத்தில், தீவுகளின் இறைமையை மொறீசியசுக்குக் கொடுத்துத் தியேகோ கார்சியாவை மட்டும் 99 வருடக் குத்தகைக்கு எடுக்கும் உடன்படிக்கையைப் பிரித்தானியா ஒப்பமிட்டது. அதன்படி வருடத்துக்குச் சராசரியாக 10 கோடியே 10 இலட்சம் பவுண் கட்டவேண்டியது பிரித்தானியா. அங்குள்ள படைத்தளத்தை ஆள்வது அமெரிக்கா. அன்று வொஷிங்டன் அதை வரவேற்றது. 2026 ஜனவரியில் ட்ரம்ப் அதையே பெரும் மடமை என்று எழுதினார். இந்த எட்டு மாதத்துக்குள் உடன்படிக்கையில் ஒரு வரியும் மாறவில்லை.

மீண்டும் கொக்குவில் மாணவி

மூவருக்கும் நன்றி. தியேகோ கார்சியாவில் எங்கள் ஆட்கள் இருந்தது தெரியும். நீதிபதியையே விடவில்லை என்பது தெரியாது. மாஸ்ரரிடம் ஒரு கேள்வி. கொடுத்தவர் சொல்லுக்குக் கடன்பட்டவர் ஆடினார் என்றால் வியட்நாமுக்குப் பிரித்தானியா ஏன் படை அனுப்பவில்லை?

பதில்: வட்டுக்கோட்டை ஓய்வுபெற்ற ஆசிரியர்

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள்; என் கணக்கு அங்கே இடறுகிறது. பிரதமர் வில்சன் ஒரு படைப்பிரிவைக்கூட அனுப்பவில்லை, அப்போது அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன் பவுணைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தார். பவுண் விழுந்தால் அடுத்த அடி டொலருக்கு என்ற பயம் அவருக்கும் இருந்தது. கடன் பெருத்துவிட்டால் கொடுத்தவரின் கையும் கட்டுண்டுபோகும். 1967 நவம்பரில் பவுணின் மதிப்பு 2.80 டொலரில் இருந்து 2.40 க்கு இறக்கப்பட்டது. 1968 ஜனவரியில், சுயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளை 1971 முடிவதற்குள் மீட்டுக்கொள்வதாக வில்சன் அறிவித்தபோது, சுயஸில் பேரரசுப் புத்தியை விடச் சொன்ன அதே வொஷிங்டன், போகவேண்டாம் என்று மறித்தது.

சித்தப்பாவுக்கு இந்த வருடங்களைக் கொடுங்கள், கோபத்துக்குப் பதிலாகக் குழுவில் போட அவருக்கு ஏதாவது இருக்கட்டும். அண்ணாவுக்கு 2013 ஓகஸ்ட் 29 ஐக் கொடுங்கள். அன்று சிரியாவைத் தாக்கும் பிரேரணையைப் பிரித்தானியப் பாராளுமன்றப் பொதுச்சபை 285 க்கு 272 என்று தோற்கடித்தது. இரண்டு நாள் கழித்து ஒபாமாவும் தன் கொங்கிரசிடம் அனுமதி கேட்கப் போவதாக அறிவித்தார்.