மறு: பெக்போர்டு – முளைப்பலகையா, துளைப்பலகையா, கொளுவுபலகையா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இங்கே சிங்கப்பூரில் தரைவீட்டில், அதாவது அடுக்குமாடியில்லாத வீட்டில், இருக்கும் நண்பர் கேட்டது சின்னக் கேள்விதான். கார் போர்ச்சின் பக்கச் சுவரில் மண்வெட்டி, செடி வெட்டும் கத்தரி, களைக்கொத்தியெல்லாம் மாட்டிவைக்க ஓட்டை ஓட்டையாக ஒரு பலகை, ஆங்கிலத்தில் பெக்போர்டு, வாங்கப் போகிறார். நம் சமூகத் தோட்டத்துக் கருவி அறையிலும் அதே பலகை வரப்போகிறது, அதற்கு நான்கு மொழிப் பெயரட்டை வேண்டும். தமிழில் என்ன எழுதுவது என்றார். அதற்குள் ஏழெட்டுச் சொற்கள் குவிந்துவிட்டன.

> 'பெக்' என்றால் முளை. ஆகவே முளைப்பலகை. இதில் என்ன குழப்பம்?

குழப்பம் இருக்கிறது ஐயா. ஆட்டை முளையில் கட்டிப் பழகியவர்களுக்கு இந்தச் சொல் சட்டென்று பிடிபடும். ஆனால் தோட்டத்துச் சுவரில் 'முளைப்பலகை' என்று ஒட்டினால், விதை முளைக்கப் போடுகிற தட்டு என்றுதான் படிப்பவர் நினைப்பார். அம்மன் கோயில் முளைப்பாரியும் கல்யாண வீட்டு முளைப்பாலிகையும் இன்னும் நம் வாயில் இருக்கிற சொற்கள். இதே பலகை ஒரு பட்டறையில் இருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் முளை ஒட்டவில்லை. முளை அடித்து இறக்கியது, அடித்த இடத்தில் நிற்கும். இந்தப் பலகையில் மாட்டுவது வளைத்த கம்பி. அதன் வால் மேல்நோக்கி மடங்கியிருக்கும். கம்பியைச் சாய்த்து வாலைத் துளைக்குள் விட்டு, முன்பக்கத்தைக் கீழே இறக்கினால் வால் பலகையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். நாளைக்கு இடம் மாற்ற வேண்டுமென்றால் தூக்கிக் கழற்றி நாலு துளை தள்ளி மாட்டலாம். வழக்கமான பலகையில் துளைக்குத் துளை ஓர் அங்குலம், அதாவது ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். வால் உள்ளே திரும்ப இடம் வேண்டும் என்பதற்காகத்தான் பலகையைச் சுவரோடு ஒட்ட அறையாமல், பின்னால் ரீப்பர் வைத்து அரை அங்குலமாவது விலக்கிப் பொருத்துகிறார்கள். இதில் நிலையாக இருப்பது துளை மட்டுமே, மற்றதெல்லாம் வந்துபோகிற உருப்படி. அதனால் என் வாக்கு துளைப்பலகைக்கு.

> மாட்டுவதற்கான பலகை, மாட்டுப்பலகை. எளிமையாக இருக்கிறதே!

எளிமைதான். ஆனால் இன்னொருவர் கராஜுக்கு 'வண்டிக்கொட்டில்' என்று வேறு பரிந்துரைத்திருக்கிறார். வண்டிக்கொட்டிலில் மாட்டுப்பலகை வைத்தால் தை இரண்டாம் நாள் நாம் எல்லாரும் அங்கே பொங்கல் வைக்கப் போகவேண்டியதுதான். கராஜை விட்டுவிடுவோம். இங்கே கராஜ் என்றால் கார் பழுதுபார்க்கிற பட்டறை, கார்ப்பேட்டை என்றால் பொது நிறுத்துமிடம். தரைவீட்டில் இருப்பதை எல்லாரும் கார் போர்ச் என்றே சொல்கிறோம். புழங்குகிற சொல்லைப் பிடுங்கிவிட்டு வேறு நடவேண்டிய அவசியம் இல்லை.

நாகதந்தம் என்ற சொல்லை எடுத்துக் கொடுத்த புலவர் ஐயாவுக்கு நன்றி. சுவரில் பொருள் மாட்ட, தந்தம்போல நீட்டிக்கொண்டிருக்கும் முளைக்கு எவ்வளவு அழகான பெயர்! ஆனால் உயர்நிலை ஒன்று மாணவன் அட்டையைப் படித்துவிட்டுப் பாம்பைத் தேடுவான். நம் பழைய வீடுகளில் அரிவாளை எரவானத்தில் செருகினார்கள், மண்வெட்டியை மூலையில் சாத்தினார்கள், பானையை உறியில் தொங்கவிட்டார்கள். சுவரையே கருவிகளுக்கு ஒதுக்கும் வழக்கம் இல்லை. ஆகவே ஆயத்தமாக ஒரு சொல் கிடைக்கவில்லையே என்று வருத்தப்பட ஏதுமில்லை, புதிதாகத்தான் ஆக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன 'கொளுவுபலகை' என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. சட்டையைக் கொளுவி விடு என்று அவர் வீட்டில் சொல்வது எனக்கும் பழக்கம்தான். இங்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அது புரியச் சற்று நேரம் எடுக்கும் என்பதால் பலகையின் பெயராக வேண்டாம் என்கிறேன். ஆனால் அந்த வினையைக் கைவிட மனமில்லை. துளையில் மாட்டுகிற உருப்படிகள் எல்லாமே கொக்கி இல்லை. வளையம் உண்டு, கவ்வி உண்டு, சின்னக் கூடையும் தட்டும்கூட உண்டு. இத்தனைக்கும் பொதுவாக ஒரு சொல் தேவை. அதற்கு கொளுவி என்று வைப்போம். கொக்கி அதில் ஒரு வகை.

> துளையே இல்லாமல் நீளநீளமாகப் பள்ளம் ஓடுகிற பலகையை என்ன செய்வீர்கள்?

கடைகளில் செருப்பும் பையும் மாட்டியிருக்குமே, அந்தப் பலகைதானே? நல்ல கேள்வி. நம் தச்சர்கள் பலகையில் ஓட்டுகிற பள்ளத்தைக் காடி என்றுதான் சொல்கிறார்கள். காடிப்பலகை போதும். மரச்சட்டத்தை நீளவாட்டில் 45 பாகை சாய்வாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைத் தாங்கியின் முதுகிலும் அறைந்து ஒன்றின்மேல் ஒன்றை உட்காரவைப்பார்களே, அதை 'பிரெஞ்சுச் சட்டம்' என்பது எனக்கு உடன்பாடில்லை. நாட்டின் பெயர் வேலையைச் சொல்லவில்லை. சாய்வெட்டுச் சட்டம் என்றால் கேட்ட தச்சர் உடனே அறுத்துக் கொடுப்பார். கடப்பாரை போன்ற கனமான கருவிக்கு அதுதான் தகும், மெல்லிய துளைப்பலகை தாங்காது.

நிழற்பலகையையும் துளைப்பலகையையும் இருவர் ஒன்றாகவே எழுதியிருந்தார்கள். இரண்டும் வேறு. கருவியின் உருவரையைப் பலகையில் தீட்டிவைத்து, எது எடுபட்டிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியச் செய்வது நிழற்பலகை. துவாஸ் கப்பல் பட்டறைகளில் வேலை செய்கிற நம் தம்பிகளுக்கு 'ஷேடோ போர்டு' தண்ணீர் பட்ட பாடு. அதில் துளை இருக்கவேண்டும் என்பதில்லை. அமெரிக்கச் சமையற்கலைஞர் ஜூலியா சைல்டின் சமையலறையில் இரண்டும் சேர்ந்திருந்தன. துளைப்பலகையில் அவர் கணவர் பால் ஒவ்வொரு வாணலிக்கும் உருவரை போட்டு வைத்திருந்தார். அந்தச் சமையலறை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'நிழற்குடை மாதிரி ஒலிக்கிறது' என்ற ஆட்சேபத்தைப் படித்தேன். கருவி போனபின் சுவரில் தங்குவது அதன் நிழல்தானே, இருக்கட்டும்.

சொல்லைத் தாண்டி நண்பருக்கு இரண்டொரு வார்த்தை. அழுத்திய மரநார் அட்டையில் செய்த துளைப்பலகையை வாங்கிவிடாதீர்கள். போர்ச்சில் சாரல் அடிக்கும், நம் ஊர் ஈரக்காற்றே போதும், அட்டை ஊதித் துளை தளர்ந்து கொளுவி கழன்று விழும். பூச்சுப் பூசிய உலோகப் பலகை வாங்குங்கள். மண்வெட்டி இலையைத் துடைத்து எண்ணெய் தடவித்தான் மாட்டவேண்டும். பூவாளியைக் கவிழ்த்து மாட்டுங்கள், தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். சுவர் அண்டை வீட்டோடு பொதுவானது என்றால் ட்ரில் எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதைப் படித்துவிட்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் முயலப்போகிறவர்களுக்கு: வாசலுக்கு வெளியே மாட்டினால் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விடவேண்டும். 'பாம் ஷெல்டர்' என்று நாம் சொல்கிற புகலறைச் சுவரில் குடிமைத் தற்காப்புப் படையின் நிபந்தனைகளைப் பார்க்காமல் துளை போடாதீர்கள்.

கருவிகளின் பெயரில் எனக்குப் பெரிய கவலை இல்லை. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது முதல் மண்ணில் கைவைத்திருக்கும் மூத்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் சாங்கோல் என்பார்கள், பாராங் என்பார்கள். மலாய் வரியில் அது எப்படியும் வரும், தமிழ் வரியில் மண்வெட்டி, வெட்டுக்கத்தி என்றே போடலாம். பூவாளியை மட்டும் யாரும் 'நீர்தெளிப்பான்' ஆக்கிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பெயரட்டையில் மேலே 'துளைப்பலகை', கீழே 'எடுத்த கருவியை எடுத்த இடத்தில் மாட்டவும்' என்று போதும். அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மிச்சம் இருப்பது 'ரேக்' ஒன்றுதான். குப்பைவாரி என்று போட்டால் அதைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டிப் பக்கம் சாத்திவிடுவார்கள் என்று எனக்குப் பயம். 'வாரி' என்பது என் கட்சி, மறுப்பவர்கள் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்.