துளசிக் கஷாயம்: எங்கள் வீட்டு அனுபவம்

கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டி வறுத்தெடுக்கும் வேலூரில், மார்கழி விடியற்காலையில் மட்டும் குளிர் நடுங்க வைக்கும். அந்த நாட்களில் வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் முதலில் அடுப்பேறுவது துளசிக் கஷாயம்தான்.

இதில் என் மாமியார் மிகுந்த கறார். இரண்டு தம்ளர் தண்ணீரில் தட்டிய சுக்கையும் மிளகையும் போட்டு, பாதியாகச் சுண்டிய பிறகே ஒரு கைப்பிடி கருந்துளசியைப் போடுவார். உடனே தட்டால் மூடி அடுப்பை அணைத்துவிடுவார். பனைவெல்லம் கடைசியில்தான். "வாசனை போயிட்டா மருந்தும் போச்சும்மா" என்பது அவர் சொல்லும் காரணம். துளசியின் காரமணத்தில் முக்கியப் பங்கு வகிக்கும் யூஜினால், கிராம்பிலும் உள்ள, ஆவியாகிவிடக்கூடிய எண்ணெய்ப் பொருள் என்பதைப் பின்னாளில் படித்தபோது, அவருடைய பக்குவத்தில் இருந்த நியாயம் எனக்கு விளங்கியது. குடித்த சிறிது நேரத்தில் வியர்த்து, நெஞ்சுச் சளி இளகும். சித்த மருத்துவத்தில் துளசியைக் கோழையகற்றி என்றே சொல்வார்கள்.

பாலாற்றங்கரையில் உள்ள பள்ளிகொண்டா அரங்கநாதர் கோயிலுக்குப் போனபோது, வாசலில் துளசி மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், எங்கள் தொட்டிச் செடி குச்சியாகவே நிற்கிறது என்று சொன்னேன். கதிர் விட விட நகத்தால் கிள்ளிவிட்டால்தான் பக்கக்கிளை வெடிக்கும் என்றார். அப்படியே செய்தோம், செடி நன்றாகத் தழைத்துவிட்டது.

ஆனால் தினமும் சாறாகக் குடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் அண்ணன், யாரோ சொன்னார்கள் என்று வெறும் வயிற்றில் துளசிச் சாறு குடித்து வந்தார். ஒருநாள் காலை நடைப்பயிற்சியின்போது உடல் வியர்த்துக் கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார், சர்க்கரை இறங்கியிருந்தது. சாறுதான் காரணமா, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்ற மருத்துவர், துளசிக்கும் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கும் தன்மை உண்டு என்பதால் அதை நிறுத்தச் சொன்னார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதை மருந்தளவில் எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். தீர்த்தத்தில் வரும் இரண்டு இலைக்கு இந்தக் கவலை வேண்டாம்.

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் எங்கள் வீட்டில் கஷாயப் பேச்சே கிடையாது. டெங்குவாக இருக்குமோ என்று, இரத்தப் பரிசோதனைக்கு ஆட்டோவைக் கூப்பிடச் சொல்வது மாமியாரேதான்.