ஃபெர்ரோமின்னா, அயமின்னா, புரள்முனைவா?

அன்பர்களே, பெரோவ்ஸ்கைட் (ஒருவகைப் படிக அமைப்பு) ஆக்சைடு மென்படலங்கள் பற்றிய பாடக்குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். காந்தப் பகுதியில் சிக்கல் இல்லை. தயக்கக் கண்ணி (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் பின்தங்கி வருவதால் வரைபடத்தில் விழும் மூடிய வளைவு) போன்றவை பாடநூலிலேயே இருக்கின்றன. 'ஃபெர்ரோஎலக்ட்ரிக்'கில்தான் மாட்டிக்கொண்டேன்: தானாகவே மின்முனைவு (நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்பது) இருந்து, மின்புலத்தால் அதைத் திருப்பவும் முடிகிற பண்பு. 'அயமின்பொருள்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

——

> அயமின்பொருள்

வேண்டாம் ஐயா. 'ஃபெர்ரோ', 'அயம்' இரண்டுக்கும் பொருள் இரும்பு; இந்தப் பண்புள்ள பேரியம் டைட்டனேட்டில் இரும்பு எங்கே இருக்கிறது? காந்தம் மாதிரியே மின்முனைவும் தயக்கக் கண்ணி போடுகிறது என்பதற்காக ஒட்டவைத்த முன்னொட்டு அது. ரஷ்யர்கள் இன்றும் 'செக்னெட்டோ' என்றுதான் சொல்கிறார்கள். 1920இல் இந்தப் பண்பு முதலில் தெரியவந்தது ரோஷெல் உப்பில். அந்த உப்பை 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தயாரித்த மருந்துக்காரர் செனியெத்தின் பெயர்தான் அது. மேலும், அகராதியில் அயம் என்றால் ஆடு, குதிரை, குளம் எல்லாம் வரும்.

——

> ஆடு, குதிரை, குளம்

அயக்காந்தச் செந்தூரம் விற்கிற ஊரில் அயம் யாருக்குப் புரியாது? இதே பண்புள்ள பிஸ்மத் ஃபெரைட்டில் இரும்பு இருக்கிறதே!

——

இருக்கிறது, ஆனால் அது பார்ப்பது காந்த வேலை. மின்முனைவு வருவது பிஸ்மத்திடம் பிணைப்பில் சேராமல் நிற்கும் எலக்ட்ரான் இணையால். ஏறத்தாழ 370 டிகிரி செல்சியசில் காந்த ஒழுங்கு குலைந்துவிடும்; மின்முனைவு 800ஐத் தாண்டியும் நிற்கும். 'அயமின்' என்றால் மாணவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார்.

என் பரிந்துரை 'புரள்முனைவு'. முனைவு தானாக இருந்தால் மட்டும் போதாது, டூர்மலின் என்ற கனிமத்துக்கும் அது உண்டு. மின்புலத்தைத் திருப்பினால் முனைவும் புரள வேண்டும். வினைத்தொகை என்பதால் புரண்டது, புரள்கிறது, புரளும் மூன்றும் உள்ளே அடங்கிவிடும்.

——

வகுப்பில் எல்லோரும் ஃபெர்ரோமின் என்றே சொல்கிறோம். கேள்வித்தாளில் புரள்முனைவு வந்தால் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். புழங்குவதை விடுங்களேன்.

——

> ஃபெர்ரோமின்

ஆய்தம் குற்றெழுத்துக்குப் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும் வரவேண்டியது அம்மா. எஃகு, அஃது போல. சொல்லுக்கு முதலில் அதற்கு இடமே இல்லை. ஃபேன், ஃபைல் என்று எழுதி எழுதிக் கண் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

——

ஃபேனை யாரும் நிறுத்தப் போவதில்லை, விஷயத்துக்கு வருவோம். எந்தச் சொல்லை எடுத்தாலும் 'பொருள்' என்று முடிக்காதீர்கள். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டைக் கட்டியாக வைத்து எவ்வளவு குளிர்வித்தாலும் இந்தப் பண்பு வராது. அதையே டிஸ்ப்ரோசியம் ஸ்கேன்டேட் படிகத்தின் மேல் மென்படலமாக வளர்த்தால், அடியிலுள்ள அணுக்கோவை அதைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிறது. அறை வெப்பநிலையிலேயே பண்பு வந்துவிடுகிறது. 2004இல் காட்டியிருக்கிறார்கள். பொருள் அதேதான், இழுப்புதான் புதிது. ஆகவே பண்புப்பெயராகவே இருக்கட்டும்.

——

வெள்ளி வந்துவிட்டது. பெரும்பாலோர் பக்கம் சாய்ந்து 'புரள்முனைவு' என்று போட்டு, முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ஃபெர்ரோமின் என்று அடைப்பில் கொடுத்து அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

——

அனுப்பியாயிற்றா? சரி. அடுத்த பாடத்தில் மல்டிஃபெர்ராயிக் (காந்த ஒழுங்கும் இந்த மின்பண்பும் போல ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே பொருளில் சேர்ந்திருப்பது) வரும், அப்போது என்ன செய்வீர்கள்? 'பல்புரள்வு' என்றால் பல் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். என் வழியில் 'பல்லயம்', ஒரே சொல்லில் முடிந்தது. என் ஓட்டு இன்னும் அயத்துக்குத்தான்.