வெறும் வயித்துல சுகர் 120தான், ஆனா பாதம் எரியுது, யூரின்ல புரதம் போகுது. எப்படி?

பென்னாகரத்தான்:
அப்பாவுக்கு 58 வயசு, சுகர் 9 வருஷமா. வீட்டுக்கு வந்து பார்க்கிற அக்கா குத்திப் பார்த்தா வெறும் வயித்துல 115–125தான். மாத்திரையை விட்டதே இல்ல. கிட்னி வேலையைக் காட்டுற ரத்த டெஸ்ட் கிரியாட்டினின் 1.0. அப்புறம் எதனால இது?

லேப்_காவேரிப்பட்டணம்:
வெறும் வயித்து அளவு ஒரு நேரக் கணக்குதாங்க. மதியம் ரெண்டு உருண்டை ராகிக் களி சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சுப் பாருங்க. 180 தாண்டினா சேதம் அங்கதான் நடக்குது. ராகின்னாலும் நைசா அரைச்ச மாவு, சீக்கிரம் ஏறிடும். கூடவே மூணு மாச சராசரியும் (ஹெச்பிஏ1சி) எடுங்க. ரத்தசோகை இருந்தா அது தப்பாக் காட்டலாம், ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்த்துடுங்க.

தசைக்குள்ள குளுக்கோஸ் போக இன்சுலின் கதவைத் திறக்கணும். விழித்திரை, கிட்னி வடிகட்டி, நரம்பு மூணுக்கும் அந்தக் கதவே கிடையாது. ரத்தத்துல ஏறினது அப்படியே உள்ள போயிடும். கொஞ்சம் சார்பிட்டால்ங்கிற இன்னொரு பொருளா மாறும், கொஞ்சம் புரதத்துல ஒட்டிக்கும், நுண்குழாய் சுவர் தடிச்சு ஒழுக ஆரம்பிக்கும். அந்த 9 வருஷமும் கண்டுபிடிச்ச நாள்ல இருந்து வர்ற கணக்கு. அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் சத்தமில்லாம இருந்துச்சோ.

சிஸ்டர்_அரூர்:
பிபி எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே? 130/80க்கு மேல நின்னா கிட்னியைக் கெடுக்க சுகர் மட்டும் வேணும்னு இல்ல. கிரியாட்டினின் 1.0ன்னு நிம்மதியா இருக்காதீங்க, கிட்னி வேலை பாதி குறைஞ்ச பிறகுதான் அது நல்லா ஏறும். காலையில முதல் யூரின்ல அல்புமின் (ஒழுகுற புரதம்)–கிரியாட்டினின் விகிதம் பாருங்க. 30க்கு மேலன்னா மூணு மாசத்துக்குள்ள திரும்ப எடுக்கணும். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் ஏறிக் காட்டும்.

பாத எரிச்சலுக்கு சுகரை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரையை வருஷக்கணக்கா போட்டா பி12 குறையும், அதுலயும் இதே எரிச்சல், மதமதப்புதான். மாத்திரை வீட்டுக்கே வருது (2021ல சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம்தானே), ஆனா பி12 டெஸ்டுக்கும் விழித்திரைப் படத்துக்கும் நாமதான் போகணும். பார்வை தெளிவா இருந்தாலும் வருஷம் ஒரு தடவை.

பென்னாகரத்தான்:
பிபி 150/90 அக்கா. முழங்கால் வலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கி வாரத்துல மூணு நாள் போடுறாரு.

சிஸ்டர்_அரூர்:
மொதல்ல அதை நிறுத்துங்க. பிபியை ஏத்துறதும் கிட்னிக்கு ரத்தம் போறதைக் குறைக்கிறதும் அதே மாத்திரைதான். வலிக்கு பாராசிட்டமால் போதுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. உங்க பக்கம் போர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, மூட்டு வலிக்கு அதுவும் காரணமா இருக்கலாம், தண்ணியையும் டெஸ்ட் பண்ணுங்க. புரதம் போறது உறுதியாச்சுன்னா எனலாப்ரில், டெல்மிசார்டன் மாதிரி பிபி மாத்திரை தருவாங்க. ஆரம்பிச்ச ரெண்டு வாரத்துல பொட்டாசியம், கிரியாட்டினின் ரெண்டையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்க.